நர்ஸம்மா பதில்கள்: காய்ச்சல் விட்ட பிறகு

போன இதழில் இதய வால்வு பற்றிய ஒரு கேள்விக்கு நாலே வரியில் பதில் சொல்லியிருந்தேன். அது போதவில்லை என்பது அதன் பிறகு வந்த கடிதங்களைப் பார்த்ததும் தெரிந்தது. அதனால் இந்த முறை சர்க்கரை, தைராய்டு கடிதங்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இதயத்தில் வரும் அழற்சி பற்றிய கடிதங்களை மட்டும் எடுத்திருக்கிறேன். 31 வருட நர்ஸ் வேலையில் 14 வருடம் இதய நோய் வார்டில் இருந்தவள் நான். மருந்து எழுதுவது டாக்டர் வேலை, அதில் நான் தலையிட மாட்டேன். காலை ரவுண்ட்ஸ் முடிந்து மறுநாள் ரவுண்ட்ஸ் வரும்வரை நோயாளி நம் கையில்தானே இருக்கிறார், அந்த நேரத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

*கேள்வி: என் மகளுக்கு 11 வயது. தொண்டை வலி வந்து போன இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால் வீங்கியது. அது வற்றியதும் கணுக்கால், அப்புறம் முழங்கை. ருமாட்டிக் காய்ச்சல், வால்வில் லேசான கசிவு என்று எக்கோ ஸ்கேன் பார்த்துச் சொன்னார்கள். 21 நாளுக்கு ஒரு தடவை பென்சிலின் ஊசி, அதுவும் பல வருடம் போட வேண்டுமாம். இப்போது பிள்ளை ஓடியாடி விளையாடுகிறாள். ஊசி என்றால் அப்படி அழுகிறாள். ‘வளர்ற பிள்ளைக்குக் கால் வலி வரத்தான் செய்யும், மருந்துச் சூட்டைப் பிள்ளை தாங்காது’ என்கிறார் மாமியார். போன முறை போடாமல் விட்டுவிட்டேன். தவறா, சிஸ்டர்?*
*— ஒரு தாய், திருமங்கலம்*

தவறுதான் அம்மா. ஆனால் சரிசெய்துவிடலாம். இந்தப் பத்திரிகையை மூடி வைத்துவிட்டு நாளைக்கே போய்ப் போட்டு வாருங்கள்.

முதலில் உங்கள் மாமியாருக்கு ஒரு பதில். வளரும் பிள்ளைக்கு வரும் கால்வலி ராத்திரியில் வரும், தேய்த்துவிட்டால் தூங்கிவிடும், காலையில் ஒன்றும் இருக்காது. வீக்கமும் இருக்காது. உங்கள் மகளுக்கு வந்தது அப்படியில்லை. மூட்டு வீங்கி, தொட்டால் சுட்டு, போர்வை பட்டால்கூட அலறும் வலி. ஒரு மூட்டை விட்டு அடுத்த மூட்டுக்குத் தாவும். தொண்டையில் வந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை அடிக்கக் கிளம்பிய உடம்பின் காவல்படை, ஆள் மாறி நம் மூட்டையும் இதயத்தையும் அடிப்பதால் வருகிற வினை இது. ‘மூட்டை நக்கும், இதயத்தைக் கடிக்கும்’ என்று எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தந்தார்கள். மூட்டு வீக்கம் தழும்பில்லாமல் போய்விடும். வால்வில் விழுந்த தழும்பு அப்படிப் போகாது. அடுத்த முறை அதே தொண்டைக் கிருமி வந்தால் அந்தத் தழும்பின் மேலேயே இன்னொரு அடி விழும்.

ஆகவே அந்த ஊசி இப்போது இருக்கிற வலிக்கானது இல்லை. அடுத்த தொண்டைக் கிருமி உள்ளே கால் வைக்காமல் இருக்கத்தான். பிள்ளை நன்றாக ஓடியாடுகிற நாளில்தான் அது வேலை செய்கிறது. எத்தனை வருடம் என்பதற்குக் கணக்கு உண்டு. நோய் இதயத்தைத் தொடாமல் மூட்டோடு நின்றிருந்தால் 5 வருடம் அல்லது 21 வயது வரை, இரண்டில் எது அதிகமோ அது. இதயத்தைத் தொட்டு, பிறகு வால்வு தேறிவிட்டால் 10 வருடம் அல்லது 21 வயது. வால்வில் கோளாறு தங்கிவிட்டால் 10 வருடம் அல்லது 40 வயது, சிலருக்கு ஆயுசுக்கும். உங்கள் மகள் எந்தக் கணக்கில் வருகிறாள் என்பதை அடுத்தடுத்த எக்கோ பார்த்து டாக்டர் சொல்வார்.

21 நாளை எப்படி நினைவில் வைப்பது என்று பலரும் தடுமாறுகிறார்கள். மூன்று வாரம் என்பதால் கிழமை மாறாது. திங்கட்கிழமை போட்டால் எப்போதும் திங்கட்கிழமைதான். காலண்டரில் வருடம் முழுக்க இன்றைக்கே வட்டம் போட்டுவிடுங்கள். அந்தத் திங்கள் பொங்கலிலோ ஊர்த் திருவிழாவிலோ விழுந்தால் இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். சில சமயம் மருந்து ஸ்டாக் இருக்காது. அதனால் முந்தின வாரமே விசாரித்து வையுங்கள்.

இனி அழுகை. இந்த ஊசி வலிக்கும்தான். வலிக்காது என்று பிள்ளையிடம் பொய் சொல்லாதீர்கள், அடுத்த முறை எதையுமே நம்ப மாட்டாள். பெனிடியூர் என்று வார்டில் சொல்வோம். புட்டியில் வெள்ளைப் பொடியாக இருக்கும். நீர் விட்டதும் அதை வேகமாகக் குலுக்கமாட்டேன், நுரை கட்டும். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டிக்கொண்டே பிள்ளையிடம் ஸ்கூல் கதை கேட்பேன். உருட்டுவதில் மருந்தும் கரையும், கைச்சூட்டில் குளிர்ச்சியும் போகும். நீர்த்த தோசை மாவு போல இருக்கிற இந்த மருந்தை மெல்லிய ஊசியில் ஏற்றினால் அடைத்துக்கொள்ளும், துளை பெரிய ஊசிதான் வேண்டும். போடுகிற இடத்தை முதலில் கட்டைவிரலால் பத்து எண்ணும்வரை அழுத்திப் பிடிப்பேன். குப்புறப் படுத்திருக்கிற பிள்ளையைக் கால் பெருவிரல்கள் இரண்டும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி வைக்கச் சொன்னால் இடுப்புத் தசை தளரும். அப்புறம் இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டு மெதுவாக, நடுவில் நிறுத்தாமல் ஏற்ற வேண்டும். அவசரப்படுகிற கையில்தான் வலி அதிகம். உங்கள் ஊர் நர்ஸிடம் ‘மெதுவாகப் போடுங்க சிஸ்டர்’ என்று கேட்பதில் தப்பே இல்லை. கேட்டால் கோபப்படமாட்டோம்.

வெறும் வயிற்றோடு கூட்டிப் போகாதீர்கள். போட்ட பிறகு அரைமணி நேரம் அங்கேயே உட்கார வையுங்கள். அலர்ஜி வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் தெரிந்துவிடும். அதைச் சமாளிக்கிற அட்ரினலின் கையில் இருக்கிற இடத்தில்தான் இந்த ஊசி போட வேண்டும். வீட்டுக்கு வந்து போடுகிறேன் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

இன்னொன்றும் கவனியுங்கள். திடீரென்று கையெழுத்து கோணலாகப் போனால், டம்ளர் கையிலிருந்து நழுவினால், முகத்தைச் சுளித்துக்கொண்டே இருந்தால், சேட்டை என்று அடிக்காதீர்கள். இதே நோய் மூளையைத் தொட்டாலும் அப்படித்தான் தெரியும். ஸ்கூல் டீச்சரிடமும் சொல்லி வையுங்கள்.

பெண் பிள்ளையைப் பெற்றவர் என்பதால் இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நாளைக்குக் கல்யாணப் பேச்சு வரும்போது இதை மறைக்காதீர்கள். மறைத்துக் கட்டிக்கொடுத்து, புகுந்த வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்று ஊசியையும் நிறுத்தி, ஏழாம் மாதத்தில் படுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். கர்ப்பத்தில் ரத்தத்தின் அளவு கூடும், சுருங்கிப்போன வால்வு அதைத் தாங்காது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் எவ்வளவோ செய்யலாம். பென்சிலின் கர்ப்ப காலத்திலும் போடக்கூடிய மருந்துதான். அந்தப் பெண்களின் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை அம்மா.

*கேள்வி: அப்பாவுக்கு 52 வயது. பழைய வால்வுக் கோளாறு உண்டு. ஒரு மாதமாகக் காய்ச்சல் வந்து வந்து போனது. டைபாய்டு என்று இரண்டு முறை மருந்து எடுத்தோம். இப்போது வால்வில் கிருமி ஒட்டியிருக்கிறது என்று சேர்த்திருக்கிறோம். 6 வாரம் நரம்பு வழியாக மருந்து போட வேண்டுமாம். ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டுக்குப் போகலாம் என்று அடம் பிடிக்கிறார். கூட இருக்கிற நாங்கள் எதைக் கவனிக்க வேண்டும்?*
*— ஒரு மகன், கரூர்*

தம்பி, அப்பாவைத் தயவுசெய்து கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

வால்வில் கிருமி ஒட்டிக்கொண்டு சின்னச் சின்னக் கட்டியாகத் தொங்கும். அந்தக் கட்டிக்குள் ரத்தக்குழாய் கிடையாது. மேலே ஓடுகிற ரத்தத்திலிருந்து மருந்து ஊறி ஊறித்தான் உள்ளே போக வேண்டும். அதனால்தான் 4 முதல் 6 வாரம். ரத்தத்தில் இருக்கிற கிருமி முதல் வாரத்திலேயே குறையும், காய்ச்சலும் விடும். கட்டிக்குள் இருப்பது சாகாமல் காத்திருக்கும். பாதியில் நிறுத்தினால் அதுதான் திரும்ப வளரும்.

கட்டியிலிருந்து ஒரு துணுக்கு உடைந்து ரத்தத்தோடு போனால் எங்கே அடைக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டியது இதைத்தான். காலையில் அப்பாவைச் சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒருபக்கம் கோணுகிறதா என்று பாருங்கள். இரண்டு கையையும் நீட்டச் சொல்லுங்கள், ஒன்று தானாகக் கீழே இறங்குகிறதா? பேச்சு குழறுகிறதா? இடது விலாவுக்குக் கீழே திடீர் வலி, ஒரு கால் மட்டும் சில்லிட்டு வெளுத்துப் போவது, படுத்தால் மூச்சு முட்டுவது, இதில் எது வந்தாலும் அடுத்த ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காமல் நர்ஸை அந்த நிமிடமே கூப்பிடுங்கள். ஜென்டாமைசின் போடுகிறார்கள் என்றால் காதில் இரைச்சல், நடக்கும்போது தள்ளாட்டம், சிறுநீர் குறைவது இவற்றையும் சொல்லுங்கள். அந்த மருந்து காதையும் சிறுநீரகத்தையும் பதம் பார்க்கும்.

உங்கள் பையில் இருக்கிற காய்ச்சல் மாத்திரையை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். முதலில் வெப்பநிலை பார்த்து எழுதட்டும். திரும்பவும் காய்ச்சல் வருகிறதா என்பது இந்த நோயில் பெரிய செய்தி. மாத்திரை அதை மறைத்துவிடும்.

‘இத்தனை ரத்தம் எதுக்கு எடுக்குறாங்க’ என்று உங்கள் கடிதத்தின் ஓரத்தில் கேட்டிருந்தீர்கள். அதற்கு என் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நைட் டியூட்டியில், இதே நோயோடு ஒருவர் வந்தார். கல்ச்சருக்கு, அதாவது ரத்தத்தில் என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்க, மூன்று முறை, வேறு வேறு இடத்தில் ரத்தம் எடுத்துவிட்டு மருந்து தொடங்கச் சொல்லி எழுதியிருந்தது. 38 கட்டிலுக்கு நான் ஒருத்தி. ரத்தம் எடுத்தாகிவிட்டது என்று நினைத்து மருந்தை ஏற்றிவிட்டேன். எடுக்கவில்லை. மருந்து உள்ளே போன பிறகு எடுத்த ரத்தத்தில் கிருமி எதுவும் வளரவில்லை. எந்தக் கிருமி என்று தெரியாததால், எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துக் கூடுதல் மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அவர் பிழைத்துப் போனார். ஆனால் அவர் பட்ட அந்தக் கூடுதல் நாட்கள் என்னால் வந்தவை. அதற்கப்புறம் நான் முதல் டோஸை ஏற்றுமுன் கல்ச்சர் பாட்டிலைக் கண்ணால் பார்க்காமல் ஏற்றியதே இல்லை. ஆகவே மூன்று முறை ரத்தம் எடுத்தால் சந்தோஷப்படுங்கள், சரியாகச் செய்கிறார்கள்.

மருந்து ஏற்றக் கையில் செருகியிருக்கிற வென்ஃப்ளான் குழாயைப் போட்ட தேதியைப் பிளாஸ்டரின் மேல் எழுதச் சொல்லுங்கள். சுற்றிலும் சிவந்தாலோ, கயிறு மாதிரி தடித்தாலோ, மருந்து போகும்போது எரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். புதிய கிருமி நுழைய அதுவும் ஒரு வாசல்.

ஆறு வாரம் கட்டிலில் கிடப்பது லேசான காரியமில்லை. மூன்றாம் வாரத்தில் மனசு சோர்ந்துவிடும். எங்கள் வார்டில் ஓர் அக்கா இடது கையில் வென்ஃப்ளானோடு உட்கார்ந்து வயர் கூடை பின்னுவார். அந்தக் கையை அதிகம் அசைக்காமல் எப்படிப் பின்னுவது என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்குப் போகும்போது நாலு கூடை. அப்பாவுக்குப் பிடித்தது எதுவோ, கணக்கு நோட்டோ சீட்டுக்கட்டோ, கொண்டுபோய்க் கொடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகு பல்லைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈறு வழியாகத்தான் இந்தக் கிருமி பலருக்கு ஏறுகிறது. பல் பிடுங்கப் போனால் ‘எனக்கு வால்வில் கிருமி வந்திருக்கிறது’ என்பதுதான் முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை. அதற்கு முன்னால் போட வேண்டிய மருந்து உண்டு.

*கேள்வி: என் மனைவிக்கு இதயத்தைச் சுற்றியுள்ள உறையில் அழற்சி என்று கொல்கிசின் மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் கண்வலிக் கிழங்கு விவசாயம் செய்கிறோம். அதே செடியிலிருந்து எடுக்கும் மருந்து என்று மருந்துக் கடைக்காரர் சொன்னார். உண்மையா? அப்படியானால் கிழங்கையே பக்குவம் செய்து கொடுக்கலாமா?*
*— ஒரு விவசாயி, ஒட்டன்சத்திரம்*

உண்மைதான் ஐயா. நம் மாநில மலரான செங்காந்தள்தான் அது. உங்கள் பக்கத்து வயல்களில் பந்தலில் ஏற்றி, ஒவ்வொரு பூவாகக் கையால் மகரந்தம் தொட்டு வைத்து எடுக்கிற விதை கொல்கிசினுக்காகத்தான் விலை போகிறது. உங்கள் வயலில் விளைந்தது மாத்திரையாகி உங்கள் வீட்டுக்கே வந்திருக்கலாம் என்று நினைக்கும்போது எனக்கு மனசு நிறைந்துபோனது.

ஆனால் கிழங்கை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு மாத்திரையில் இருப்பது அரை மில்லிகிராம். கிழங்கில் எவ்வளவு இருக்கிறது என்று கையால் யாரும் அளக்க முடியாது. கிழங்கைத் தின்று வாந்தி பேதியில் தொடங்கி உடம்பின் ஒவ்வொரு உறுப்பாக அடங்கிப்போகிற விஷக் கேஸ்கள் நம் ஆஸ்பத்திரிகளுக்கு வருவதுதான். மாத்திரையிலேயே வயிற்றுப்போக்கு வந்தால் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைக்க வேண்டும். வேறு எதற்காவது மருந்து வாங்கினாலும் கொல்கிசின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள், சில ஆன்டிபயாடிக் மருந்துகள் இதை உடம்பில் தேக்கிவிடும். வலி நின்றாலும் சொன்ன நாள்வரை, பெரும்பாலும் 3 மாதம், சாப்பிட வேண்டும். விட்டால் திரும்ப வரும் குணம் இந்த நோய்க்கு உண்டு.

அவர் மல்லாந்து படுத்தால் வலி கூடும், மூச்சை இழுத்தால் குத்தும், முன்னால் குனிந்தால் குறையும். ஒரு ஸ்டூலின் மேல் இரண்டு தலையணை வைத்து அதில் கையைக் கட்டிக் கவிழ்ந்து உட்கார விடுங்கள். எங்கள் வார்டில் அப்படியே தூங்கிப்போவார்கள். மூச்சு வாங்கி, கழுத்து நரம்பு புடைத்து, தலை சுற்றி வியர்த்தால் உறைக்குள் நீர் கோத்து இதயத்தை நெருக்குகிறது என்று அர்த்தம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். நம் ஊரில் இந்த உறை அழற்சிக்குக் காசநோயும் ஒரு முக்கியக் காரணம். அந்தப் பரிசோதனை எழுதியிருந்தால் சங்கடப்படாமல் செய்துவிடுங்கள்.

*கேள்வி: வைரல் காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சு படபடப்பு வந்து, இதயத் தசையில் அழற்சி என்றார்கள். இப்போது ஒன்றுமே இல்லை. பொங்கல் கபடிப் போட்டியில் ஆடலாமா, அக்கா? வயது 19.*
*— தேனி*

கூடாது தம்பி. 3 முதல் 6 மாதம் கபடி, ஓட்டம், ஜிம் எதுவும் வேண்டாம். நன்றாக இருக்கிறேன் என்று உனக்குத் தோன்றும்போதும் தசைக்குள் புண் ஆறாமல் இருக்கலாம். அந்த நிலையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு ரெய்டு போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகி ஆட்டக்களத்திலேயே விழ நேரும். இது பயமுறுத்தல் இல்லை, இளம் விளையாட்டு வீரர்கள் திடீரென்று இறந்துபோகிற காரணங்களில் இதுவும் ஒன்று. எக்கோ, ஈ.சி.ஜி. எல்லாம் திரும்பப் பார்த்து டாக்டர் அனுமதித்த பிறகு ஆடு. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன் எடை பார்த்து எழுது. மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை இல்லை, நீர். ஊறுகாய், அப்பளம், கருவாட்டை ஒதுக்கி வை. இந்தப் பொங்கலுக்கு உன் டீமுக்கு ஸ்கோர் எழுதிக் கொடு.

*கேள்வி: பி.எஸ்ஸி. நர்சிங் மூன்றாம் வருடம் படிக்கிறேன், மேடம். இதய அழற்சி நோயாளியிடம் மானிட்டர் காட்டாத எதை நாங்கள் பார்க்க வேண்டும்?*
*— ஒரு மாணவி, திருநெல்வேலி*

தூங்கும்போது நாடி பார், கண்ணு.

விழித்திருக்கிற பிள்ளைக்கு ஊசியைப் பார்த்தாலும் நாடி வேகமாக ஓடும், அம்மா வெளியே போனாலும் ஓடும். தூங்கினால் அதெல்லாம் அடங்க வேண்டும். காய்ச்சல் இல்லாமல், அசந்து தூங்கும்போதும் நாடி வேகமாக ஓடுகிறது என்றால் உள்ளே அழற்சி இன்னும் தணியவில்லை. எல்லா வார்டிலும் எல்லாக் கட்டிலுக்கும் மானிட்டர் இருக்காது. உன் மூன்று விரலும் ஒரு கைக்கடிகாரமும் போதும். பதினைந்து விநாடி எண்ணி நாலால் பெருக்காதே. முழு நிமிடமும் எண்ணு, நடுவில் ஒரு துடிப்பு தப்பினால் அப்போதுதான் தெரியும்.

ருமாட்டிக் காய்ச்சலோடு 9 வயதுப் பையன் ஒருவன் வந்திருந்தான். மூட்டு வலி மூன்றாம் நாளே போய்விட்டது. கட்டிலை விட்டு இறங்க வேண்டும் என்று பகலெல்லாம் அழுகை. ராத்திரி இரண்டு மணிக்கு விளக்கைப் போடாமல் போவேன். என் விரல் சில்லென்று இருந்தால் விழித்துக்கொள்வான், அதனால் கையைக் கழுத்தடியில் வைத்துச் சூடாக்கிக்கொண்டு அவன் மணிக்கட்டைத் தொடுவேன். முதல் ராத்திரி 126. ஒரு வாரம் கழித்து 110. அப்புறம் பல நாள் நூறிலேயே நின்றது. அவன் அம்மா தரையில் படுத்தபடி, ‘எவ்வளவு சிஸ்டர்?’ என்று மெல்லக் கேட்பார். எண்ணைச் சொல்வேன், திரும்பிப் படுத்துக்கொள்வார். ஒரு ராத்திரி 86 வந்தது. நம்பாமல் இன்னொரு நிமிடம் எண்ணினேன். 86தான். நேரம் போட்டு, ‘தூக்கத்தில்’ என்று எழுதி, கீழே கோடு போட்டேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, பாத்ரூம் வரைக்கும் நடந்து போகட்டும் என்றார்.